நாடாவில் எஞ்சுவது: மீட்பும் மூலபாடமும்

1

டேப் ரிக்கார்டரில் ஒரு காஸெட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்துகிறோம். முதல் ஐந்து நொடிக்கு ஒரே சுருதியில் ஊளை. அப்புறம் ஒரு சின்னக் கிறீச்சல். சற்று மௌனம். திரும்பவும் இரண்டு நொடி ஊளை. அதற்குப் பிறகு நான்கைந்து நிமிடத்துக்குக் காதைக் கிழிக்கிற இரைச்சல். அவ்வளவுதான். கேட்கிறவர்கள் நாடா சிக்கிக்கொண்டது என்று நினைப்பார்கள். ஆனால் அந்த இரைச்சல் ஒரு பிரதி. 1980களில் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் வீட்டுக் கணிப்பொறிகளுக்கான புரோகிராம்கள் பெரும்பாலும் இப்படித்தான் பதியப்பட்டன, விற்கப்பட்டன, கைமாறின.

அந்த நாடாக்களுக்கு இப்போது நாற்பது வயது. அவற்றிலிருந்து புரோகிராம்களை மீட்கும் வேலை 1990களிலிருந்து நடந்துவருகிறது. செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் எதுவும் வாங்காத ஆர்வலர்கள். இதைப் பற்றிய பேச்சோ இரண்டு தடங்களில்தான் ஓடுகிறது. ஒன்று, பால்யகால ஏக்கம்: அந்த நாளில் நாங்கள் ஆடிய ஆட்டம், அந்த ஊளைச் சத்தம், ஆகா. இன்னொன்று, தொழில்நுட்ப சாகசம்: எவ்வளவு சிதைந்த நாடாவிலிருந்தும் எடுத்துவிட்டோம், பார். இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. மீட்கப்பட்டது என்று நம் கையில் தரப்படுவது எது? நாடாவில் இருந்ததா, இருந்திருக்க வேண்டும் என்று மீட்டவர் தீர்மானித்ததா?

தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த எந்த நூலைத் தொட்டாலும் இது காத்திருக்கும். கம்ப்யூட்டர் சமாச்சாரத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்கிற நண்பர்களுக்கு இப்போதைக்கு இந்தப் பதில் போதும்.

2

முதலில் இந்த எழுத்து எப்படி எழுதப்படுகிறது என்று பார்த்துவிட வேண்டும். இது தெரியாமல் பிரதி, வாசிப்பு என்றெல்லாம் பேசுவது வெறும் சொல் விளையாட்டாகிவிடும்.

ஒலி காஸெட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்தது. பேச்சையும் பாட்டையும் பதிய வந்த பொருள் அது; எண்களைச் சுமக்க வந்ததல்ல. ஆனால் வட்டு இயக்கிகள் கம்ப்யூட்டரின் விலைக்கு ஈடாக விற்ற காலத்தில், டேப் ரிக்கார்டர் ஏற்கெனவே பல வீடுகளில் இருந்தது. 1975 நவம்பரில் அமெரிக்காவின் கன்ஸாஸ் நகரத்தில் ‘பைட்’ பத்திரிகை கூட்டிய கூட்டம், எண்களை ஒலியாக்க ஒரு பொது இலக்கணத்தை வகுக்க முயன்றது. 0 என்றால் தாழ்ந்த சுருதி, 1 என்றால் உயர்ந்த சுருதி, நொடிக்கு 300 பிட்டுகள். பின்னால் வந்த கம்பெனிகள் பலவும் தத்தமக்கென்று தனி இலக்கணம் வைத்துக்கொண்டன.

1982 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் சின்க்ளேர் ரிசர்ச் வெளியிட்ட இஸட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரத்தை எடுத்துக்கொள்ளலாம். சின்னது 125 பவுன், பெரியது 175 பவுன். இதன் இலக்கணம் நீளத்தை அடிப்படையாகக் கொண்டது. நாடாவிலிருந்து வரும் அலை மேலும் கீழும் ஆடுகிறது. ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் இடையிலான நேரத்தை இயந்திரம் எண்ணுகிறது. 1 என்ற பிட்டுக்கு ஏறக்குறைய நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 0க்கு அதில் பாதி. மாத்திரைக் கணக்கு மாதிரிதான்: குறில், நெடில். ஆரம்பத்தில் வரும் ஊளை, இயந்திரம் வேகத்தைப் பிடித்துக்கொள்வதற்கு. அடுத்த கிறீச்சலில் 17 பைட் அளவுக்கு ஒரு தலைப்பு: இது என்ன வகை, பெயர் என்ன (10 எழுத்துக்கு மேல் கூடாது), நீளம் எவ்வளவு. அதன்பின் உள்ளடக்கம். கடைசியில் ஒரே ஒரு பைட், சரிபார்ப்புக்கு.

காஸெட்டில் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்கிறது. கணக்குப் போட்டால், ஒரு 1 அந்த நாடாவில் பிடித்துக்கொள்ளும் இடம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதில் ஒட்டியிருப்பது இரும்பு ஆக்ஸைடுத் தூள். அதை நாடாவோடு பிடித்துவைத்திருப்பது ஒரு பசை. நாற்பது வருஷத்தில் என்னவெல்லாம் நடக்கும்? பசை ஈரத்தை வாங்கிக்கொண்டு இளகும். தூள் உதிரும். உதிர்ந்த இடத்தில் ஒலி ஒரு கணம் விழுந்துவிடும். பூஞ்சை பிடிக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்துகிற சின்னப் பஞ்சுத்துண்டு கழன்று விழும். நாடா சில இடங்களில் இழுபட்டு நீளும். நீண்ட இடத்தில் குறில் நெடிலாகப் பார்க்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது ஹெட்டின் சாய்வு. ஒவ்வொரு ரிக்கார்டரிலும் ஹெட் ஒரு நூலளவு கோணலாக இருக்கும். தன் கோணலோடேயே அது பதியும். அதே ரிக்கார்டரில் போட்டால் ஒழுங்காகப் பாடும். வேறொன்றில் போட்டால் உயர்ந்த சுருதிகள் மங்கிவிடும், பிட்டுகள் கரைந்துபோகும். மீட்கிறவர் செய்ய வேண்டியது என்ன? சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தன் ஹெட்டை மெல்லத் திருப்பி, முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பழைய ரிக்கார்டரின் கோணலுக்குத் தன்னுடையதைக் கோணலாக்கிக்கொள்ள வேண்டும். நேர்ப்படுத்தப்பட்ட கருவி சில சமயம் இங்கே உதவாது. வாசிப்பைப் பற்றி நாம் எழுதித் தள்ளியிருக்கிற பக்கங்களில் இவ்வளவு தெளிவான ஓர் உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

3

இப்போது வாசிப்புக்கு வருவோம். இன்று ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் எடுத்து, நொடிக்கு 44,100 மாதிரிகளாக நறுக்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஸ்பெக்ட்ரத்தின் 0க்கான ஒவ்வொரு அரை அலையும் சுமார் 11 மாதிரி நீளம். 1க்கானது சுமார் 22. புதிய நாடா என்றால் பிரச்சினையே இல்லை. 10, 11, 12 எல்லாம் 0. 21, 22, 23 எல்லாம் 1. பழைய நாடாவில் 16 என்று வந்தால்?

இந்த 16இல்தான் இக்கட்டுரையின் விஷயம் இருக்கிறது. எண்கள் என்றால் ஐயத்துக்கு இடமில்லை, கம்ப்யூட்டர் என்றால் ஆம் அல்லது இல்லை மட்டும்தான் என்று நாம் பொதுவாக நம்பிவருகிறோம். நாடாவில் இருப்பது ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. ஓர் அலை இருக்கிறது. அதை ஆம் அல்லது இல்லை ஆக்குவது ஒரு முடிவு. மென்பொருள் முடிவெடுத்தாலும், எத்தனைக்கு மேல் 1 என்ற எல்லையை அதற்குள் யாரோ ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஓலையில் புள்ளி இல்லாத எழுத்தைப் பார்த்து இது மெய்யா உயிர்மெய்யா என்று தீர்மானித்த பதிப்பாசிரியரின் இடம்தான் அது.

சரிபார்ப்பு பைட் இருக்கிறதே என்று கேட்கலாம். அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லா பைட்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு பத்தியிலும் 1களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்க்கிறது. அவ்வளவுதான். பிழை இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியும். எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரே பத்தியில் இரண்டு பிழைகள் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், கணக்கு ‘சரி’ என்று வந்துவிடும். ஆகவே சரிபார்ப்பில் தேறியது மூலபாடம் ஆகிவிடாது. கணக்கு உதைத்தால், ஐயத்துக்குரிய பிட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கணக்கு ஒத்துவந்ததும் நிறுத்திக்கொள்ளத் தோன்றும். அப்படிக் கிடைத்தது மீட்பா, ஊகமா? எழுதிவைக்காவிட்டால் பின்னால் வருகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

கொமடோர் 64 வேறு வழியில் போனது. அதன் சொந்தப் பதிவுமுறை ஒவ்வொரு தொகுதியையும் இரண்டு முறை எழுதியது. ஒன்றில் விழுந்ததை இன்னொன்றில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு ஏடுகள் மாதிரி. ஆனால் இரண்டும் முரண்பட்டால் எது சரி என்பதற்கு இன்னொரு ஏடு வேண்டும். விற்பனைக்கு வந்த ஒரு விளையாட்டின் நான்கைந்து நாடாக்களைத் திரட்டி ஒப்பிடுகிறார்கள். வேறுபாடு தெரிந்தால் அது சிதைவாகவும் இருக்கலாம். இரண்டாம் தயாரிப்பில் கம்பெனியே செய்த திருத்தமாகவும் இருக்கலாம். இதை உணராமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் எடுத்து ஒட்டினால், எந்த நாடாவிலும் எப்போதும் இருந்திராத புதுப் பிரதி ஒன்று பிறக்கும். அது ஓடவும் செய்யும். ஓடுகிறது என்பதே அதன் அபாயம். செய்யுளில் தளை தட்டாமல் இருக்கிறது என்பதற்காக ஒரு பாடத்தை உண்மை என்று எடுத்துக்கொள்கிற அதே தவறு.

புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. பதிப்பித்தவர்கள் 269ஐ 267 என்று மாற்றி எண் போட்டுவிடவில்லை. எண்ணை வைத்துக்கொண்டு பாட்டு இல்லை என்றார்கள். சிதைந்த அடிகளில் புள்ளி வைத்தார்கள். 400 என்று சொல்லிக்கொண்டே இல்லாததை இல்லை என்று காட்டிய அந்த நேர்மையை நாடா மீட்பவர்களிடமும் எதிர்பார்ப்பதில் தவறில்லை. அவர்களிலும் கவனமானவர்கள் அதைச் செய்கிறார்கள்: மூல ஒலியை அப்படியே காத்து, எந்த நாடா, எந்தப் பக்கம், எந்த இடத்தில் ஊகம் என்று குறித்துவைக்கிறார்கள். பல சமயம் கைக்குக் கிடைப்பதென்னவோ பளிச்சென்று துடைத்த ஒரு கோப்பு மட்டும்தான்.

4

இன்னொரு சிக்கல் பிரதியின் உள்ளேயே இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் பேஸிக் மொழியில் ஒரு வரியில் 10 என்று எழுதினால், அந்த எண் இரண்டு தடவை சேமிக்கப்படுகிறது. முதலில் நாம் பார்க்கும் வடிவம்: 1, 0 என்ற எழுத்துகள். அதை ஒட்டி, திரையில் தெரியாத ஒரு குறியும் ஐந்து பைட்டும்: இயந்திரம் கணக்குப் போட எடுத்துக்கொள்ளும் மதிப்பு. சாதாரணமாக இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்டுவிட முடியும். விட்டார்கள். தங்கள் நிரலைப் பிறர் படித்து நகலெடுக்காமலிருக்க, கண்ணுக்கு ஓர் எண்ணும் இயந்திரத்துக்கு வேறோர் எண்ணும் வைத்தார்கள். திரையில் 0 என்றிருக்கும். ஓடும்போது வேறெங்கோ தாவும்.

அந்தப் புரோகிராமைத் திரையில் பார்த்துத் தாளில் எழுதிவைத்தால் வேறொரு புரோகிராம்தான் கிடைக்கும். அதோடு முடியவில்லை. அந்த வரியைத் திருத்துவதற்காகத் திறந்து, ஒன்றுமே மாற்றாமல் மூடினாலும், இயந்திரம் கண்ணுக்குத் தெரிகிற எண்ணிலிருந்து மறைவான மதிப்பைப் புதிதாக எழுதிவிடும். தொட்டதுமே பாடம் கெட்டது.

நம்மவர்கள் இதைக் கேட்டால் உடனே துள்ளிக் குதிப்பார்கள். குறிப்பானும் குறிப்பீடும் பிரிந்துவிட்டன, அர்த்தம் தள்ளிப்போடப்படுகிறது, பிரதி தன்னைத் தானே கட்டுடைத்துக்கொள்கிறது. கொஞ்சம் பொறுக்கலாம். இந்தப் பிளவு மொழியின் இயல்பால் வந்ததல்ல. ஓர் ஆள் உட்கார்ந்து, வேலை மெனக்கெட்டு, வேண்டுமென்றே உண்டாக்கியது. ஆசிரியனின் மரணத்தை 1967இல் ரோலான் பார்த் அறிவித்தார். 1980களில் ஏதோ ஒரு படுக்கையறையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதிய பையன் தன் வாசகனை ஏமாற்றக் கண்ணி வைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய நோக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் அந்த வரியைச் சரியாகப் பதிப்பிக்க முடியாது. இறக்குமதியான கோட்பாட்டை ஒரு குறிப்பிட்ட பிரதியின் முன்னால் வைக்கும்போது, கோட்பாடும் கொஞ்சம் சோதனைக்கு உட்படட்டும். இதை என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

5

எது மீட்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் தொழில்நுட்பத்தைவிட்டு அதிகாரத்துக்கு வருகிறோம்.

1995இல் மார்ட்டைன் வான் டெர் ஹைடே தொடங்கிய ‘வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம்’ தொகுப்பு, வெளியான புரோகிராம்களைப் பெரும் அளவில் திரட்டியது. அது இல்லாவிட்டால் பல போயிருக்கும். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இத்தகைய தொகுப்புகளின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கடையில் விற்ற ஒரு விளையாட்டு ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்கப்பட்டது. ஒரு நாடா அழிந்தால் இன்னொன்று கிடைக்கும். பெயர் உண்டு, அட்டைப்படம் உண்டு, பத்திரிகையில் மதிப்புரை உண்டு. தேட முடியும். வீட்டில் எழுதப்பட்ட நிரலுக்கு ஒரே நாடாதான். குடும்பக் கணக்கு, பள்ளிக்கூடக் கால அட்டவணை, பாதியில் நின்றுபோன ஒரு விளையாட்டு. அதற்குத் தலைப்பு அந்தப் பத்து எழுத்துதான். பல சமயம் அதுவும் ‘அ’, ‘சோதனை2’ என்கிற அளவில். அந்த ஒற்றை நாடா குப்பைக்குப் போனால் முடிந்தது. ஆக, மீட்பு என்பது பெரும்பாலும் சந்தை ஏற்கெனவே காப்பாற்றிவைத்ததை இன்னொரு முறை காப்பாற்றுவதாகிவிடுகிறது. 300 பிரதி அச்சடித்து, அதில் பாதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த சிற்றிதழ்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிரான உதாரணமும் இருக்கிறது. 1983இல் யூகோஸ்லாவியாவில் வோயா அன்டோனிச் ‘கேலக்ஸியா’ என்ற கணிப்பொறியை வடிவமைத்தார். வெளிநாட்டுக் கம்ப்யூட்டரைச் சட்டப்படி வாங்குவது அங்கே கடினம். இதன் வரைபடம் ஒரு பத்திரிகையின் சிறப்பிதழில் அச்சானது. ஆயிரக்கணக்கானோர் பாகங்களை வாங்கித் தாங்களே பற்றவைத்துக் கட்டிக்கொண்டார்கள். மொத்தம் மூன்றே பிழைச் செய்திகள்: ‘என்ன?’, ‘எப்படி?’, ‘மன்னிக்கவும்’. சொன்னது புரியவில்லை, புரிந்தது ஆனால் செய்ய முடியாது, இடம் போதாது. அதே சமயத்தில் பெல்கிரேடு வானொலி 202இல் ஸோரான் மோட்லி தன்னுடைய ‘வென்டிலேட்டர் 202’ நிகழ்ச்சியில் புரோகிராம்களை ஒலியாகவே ஒலிபரப்பினார். நேயர்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில் காஸெட் ரிக்கார்டரை ஓடவிட்டு அந்த இரைச்சலைப் பதிந்துகொண்டார்கள். கடை இல்லை, அட்டைப்படம் இல்லை. காற்றில் போனது நாடாவில் தங்கியது.

இதை வாய்மொழி மரபு என்று கொண்டாட ஆசையாகத்தான் இருக்கிறது. அது சரியல்ல. வாய்மொழியில் ஒவ்வொருவரும் தன் போக்கில் மாற்றிப் பாடலாம், பாட்டு பிழைக்கும். இங்கே ஒரு பிட் மாறினாலும் புரோகிராம் விழுந்துவிடலாம். கேட்டவருக்குக் கேட்டது புரியவும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் ஒப்புமை உண்டு: காப்பகம் எந்த நிறுவனத்திடமும் இல்லாமல் கேட்டவர்களின் வீடுகளில் சிதறிக் கிடந்தது. யூகோஸ்லாவியா என்ற நாடு 1991-92இல் உடைந்தது. அந்த ஒலிபரப்பைப் பதிந்த நாடா ஒன்றை இன்று எடுத்தால், நிரலுக்கு முன்னாலும் பின்னாலும் அறிவிப்பாளரின் குரல் இருக்கலாம், பாட்டின் ஒரு துண்டு இருக்கலாம், வேறு நிலையத்தின் குறுக்கீடு இருக்கலாம். நிரலை மட்டும் பிரித்தெடுத்து மிச்சத்தை இரைச்சல் என்று தள்ளினால் எதை மீட்டதாக ஆகும்? மனிதக் காதுக்கு நிரல் இரைச்சல். இயந்திரத்துக்குக் குரல் இரைச்சல். மீட்கும் மென்பொருள் இயந்திரத்தின் பக்கம் நிற்கிறது. நாமும் அங்கேயே நிற்க வேண்டுமா?

சேமிக்கும் வடிவங்களிலேயே இந்த அரசியல் இருக்கிறது. ஒரு வகைக் கோப்பு பைட்டுகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. இன்னொரு வகை அலைகளின் நீளத்தையும் இடைவெளியையும் குறித்துக்கொள்கிறது. விசித்திரமான பதிவுமுறைகளைக் காக்க அது தேவை. முழு ஒலிப்பதிவு ஒன்றுதான் இருமலையும் சேர்த்துக் காக்கிறது. அது அதிக இடம் பிடிக்கும் என்பது ஒரு காலத்தில் நியாயமான காரணம். இன்றைக்கு அல்ல.

6

எங்கள் வீட்டில் ஒரு காஸெட் இருந்தது. அப்பாவைப் பெற்ற ஆயா பாடிய ஒப்பாரி, யாரோ சாவு வீட்டில் பதிந்தது. நான் பள்ளிக்கூடம் படிக்கையில் நாடா இழுக்க ஆரம்பித்ததும், அம்மா அதை ஒரு கடையில் கொடுத்து சி.டி.யாக மாற்றி வாங்கினாள். கடைக்காரர் நல்ல மனுஷர். அக்கறையோடு செய்தார். தொடக்கத்தில் இருந்த சேவல் சத்தத்தை எடுத்துவிட்டார். நடுவில் ஒரு பெண் ‘போதும் பெரியாத்தா, நெஞ்சு அடைச்சிக்கும், நிறுத்து’ என்று அழுவாள், அதையும் எடுத்துவிட்டார். ஆயாவின் குரல் மட்டும் சுத்தமாக வந்தது. ‘நாடாவை வெச்சி என்னம்மா பண்ணப் போறீங்க’ என்று கேட்டார். நாங்களும் சரிதானே என்று விட்டுவிட்டு வந்தோம். ஒப்பாரி இருக்கிறது. எந்தச் சாவு, யார் அழுதது, எங்கே நிறுத்தச் சொன்னார்கள் என்பது இல்லை. சி.டி.யில் அது ஒரு பாட்டு ஆகிவிட்டது.

இதைச் சொல்வது கடைக்காரரைக் குறைகூற அல்ல. நாங்கள் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். எது பாட்டு, எது இரைச்சல் என்று தீர்மானிக்கும் வேலையை யோசிக்காமல் இன்னொருவரிடம் விட்டது நாங்கள்.

வீட்டு நாடாக்களை மீட்பதில் வேறொரு சங்கடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்தக் குரல்களுக்கு உரியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம். தன் பதினான்கு வயதுக் கணக்கையும் தம்பியோடு போட்ட சண்டையையும் உலகம் கேட்க வேண்டும் என்று யாரும் ஒப்புக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் காப்பது ஒன்று. எல்லாவற்றையும் வெளியிடுவது வேறு. காப்பதற்கு அவசரம் இருக்கிறது, ஏனென்றால் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. வெளியிடுவதற்கு அவசரம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதிக்கு நான் முன்வைப்பது எளிமையானது. ஒலியை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊகித்த பிட்டை ஊகம் என்று எழுதுங்கள். கிடைக்காத பைட்டுக்குப் புள்ளி வையுங்கள். சரிபார்ப்புக் கணக்கு ஒத்துவராமல் போனால் ஒத்துவரவில்லை என்றே விட்டுவிடுங்கள். ஓடாத ஒரு புரோகிராமும் பிரதிதான். ஒருவேளை நமக்குப் பின்னால் வருகிறவரிடம் இன்னொரு நாடா இருக்கும். அவருடைய ஹெட் வேறு கோணத்தில் சாய்ந்திருக்கும்.